‘லிட்டில் பிட் கேஸ்’ என்று சொல்லும் ஆயாக்கள்: டர்பன் மருத்துவமனைகளில் நாம் கண்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், பேவியூ பகுதியிலிருந்து:

எங்கள் தெருவில் வயதானவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேர்கிறது. உடம்பு சரியில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருந்தும், நம் பெரியவர்கள் அவற்றுள் மிகச் சிறியதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற நல்ல குணமே அதற்குக் காரணம். ஆனால் அவசரப் பிரிவில் அந்தக் குணம் அவர்களுக்கே கெடுதலாக முடியலாம்.

ஒரு ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு (பாட்டிக்கு) நெஞ்சின் நடுவே யாரோ அழுத்திப் பிடிப்பதுபோல் வலி வந்து, இடது தோள்வரை இழுத்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனையில் எங்களை முதலில் பார்த்த ஜூலு செவிலியர், ‘வாட்ஸ் ராங், கோகோ?’ என்று பாட்டி முறை வைத்து அன்பாகக் கேட்டார். ஆயாவோ, ‘நத்திங் மச், மை கேர்ள். லிட்டில் பிட் கேஸ்’ என்று புன்னகைத்தார். “ஆயா, வாயு என்று சொல்லாதீங்க. வீட்டில் என்கிட்டே சொன்னதை அப்படியே சொல்லுங்க” என்று நான் கெஞ்சிய பிறகுதான் ‘செஸ்ட் பெயின்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. செவிலியர் அப்போதே எழுந்து சக்கர நாற்காலியை இழுத்து வந்தார்.

இதில் ஒரு முறைமை இருக்கிறது. தென்னாப்பிரிக்க அவசரப் பிரிவுகளில் வருகிறவர்களை நிறங்களால் வகைப்படுத்துகிறார்கள். சிவப்பு என்றால் உடனடி மருத்துவம். ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்துக்குள். மஞ்சள் என்றால் 1 மணி நேரத்துக்குள். பச்சை என்றால் 4 மணி நேரம்வரை காத்திருக்கலாம். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், வெப்பம், நினைவு, நடக்க முடிகிறதா என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இட்டாலும், நோயாளி தம் வாயால் சொல்லும் குறையும் கணக்கில் சேர்கிறது. எண்கள் நன்றாக இருந்தாலும் நெஞ்சுவலி என்று சொன்ன பெரியவர் ஆரஞ்சுக்குப் போவார்; ‘கேஸ்’ என்று சொன்னவர் பச்சையில் உட்கார்ந்திருக்க நேரலாம். ஆயாவுக்கு எடுத்த ஈசிஜியில் இதயத்துக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை என்று தெரிந்தது. இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.

நம்மவரிடையே ‘சுகர்’ அதிகம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி இல்லாமலே போகலாம். திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணம் தெரியாத களைப்பு மட்டுமே தெரியலாம். அவர்கள் ‘ஜஸ்ட் டயர்ட்’ என்று சொன்னால் அதோடு விடாமல் மேலும் கேளுங்கள்.

டர்பன் மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும், மதுரையைச் சேர்ந்த செவிலியர்:

அக்கா எழுதியது முற்றிலும் உண்மை. என் வார்டில் மிகுந்த குழப்பம் தரும் சொல் ‘டிஸி’ (தலைசுற்றல்) என்பதுதான். ஒரு தாத்தா நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அறை சுழல்கிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, இல்லை நடக்கையில் கால் தள்ளாடுகிறதா என்று மருத்துவர் கேட்டும் தாத்தாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் தமிழில், “தாத்தா, படுத்திருக்கும்போதும் வருதா, எழுந்திருக்கும்போது மட்டும்தானா?” என்று கேட்டதும், “கட்டிலை விட்டு எழுந்தால்தாம்மா கண்ணை மறைக்குது” என்றார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தோம்; நின்றவுடன் அது வெகுவாக இறங்கியது. ‘பிரஷர்’ மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். அறை சுழல்வதாகச் சொல்லியிருந்தால் முதலில் உள்காதைத்தான் சோதித்திருப்பார்கள்.

‘வீக்’ என்ற சொல்லும் அப்படியே. உடம்பு முழுக்கச் சோர்வு என்பது வேறு. ஒரு கை, ஒரு கால் மட்டும் திடீரென்று வலுவிழப்பது வேறு. பின்னது பக்கவாதமாக இருக்கலாம். அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர்:

தங்கைகள் இருவருக்கும் நன்றி. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த என் தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மேற்பார்வையாளரிடம் பேச ஃபனகாலோ என்ற கலப்பு மொழிதான் இருந்தது. காய்ச்சலானாலும் வயிற்றுப்போக்கானாலும் அதில் ‘குலா’ (உடம்பு சரியில்லை) என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்களாம். ஆப்பிரிக்கான்ஸிலிருந்து வந்த ‘பாப்’ என்ற சொல்லை என் பேரப்பிள்ளைகள் காற்றுப்போன டயருக்கும் சொல்கிறார்கள், தெம்பில்லாத உடம்புக்கும் சொல்கிறார்கள். இந்த நாட்டுக்காரருக்கு அது விளங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளம் மருத்துவர் என் பேரனிடம் அதைக் கேட்டுத் திகைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்னதும் அவர் வேகமாக எழுதத் தொடங்கினார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எங்கள் அனுபவம் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. மருத்துவமனை சொன்ன சொல்லை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டோம். பெரியம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது தொலைபேசியில் ‘ஷி இஸ் ஸ்டேபிள்’ என்றார்கள். வீடே நிம்மதி அடைந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்த அண்ணன்மார் புறப்படுவதைத் தள்ளிப்போட்டார்கள். மாலையில் நேரில் போனபோது தலைமைச் செவிலியர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். நிலை மேலும் மோசமாகவில்லை என்பதற்குத்தான் அந்தச் சொல். மூச்சு இயந்திரத்திலும், அழுத்தம் மருந்திலும் நின்றுகொண்டிருந்தன. சில நாள் கழித்து ‘கம்ஃபர்டபிள்’ என்றபோது, வலி தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள் என்று புரிந்துகொண்டு, அன்றிரவே அண்ணன்மாரை வரச்சொன்னோம். பெரியம்மாவின் கையைப் பிடித்துப் பேச அவர்களுக்கு ஒரு முழு நாள் கிடைத்தது.

வார்டுக்குத் தொலைபேசி செய்கிறவர்கள், எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்காமல், தானாக மூச்சு விடுகிறாரா, அழுத்தத்துக்கு மருந்து ஓடுகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, நேற்றைக்கு இன்று எப்படி என்று தனித்தனியாகக் கேளுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் கேட்கிறோம். செவிலியர்களும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.