வக்கீல் என்ற சொல்லின் பொருளும் தோற்றமும்

கேள்வி:
நீதிமன்றத்தில் நமக்காக வாதாடுபவரைப் பேச்சில் வக்கீல் என்கிறோம். எழுத்தில் வழக்கறிஞர் என்றும் வழக்குரைஞர் என்றும் குறிப்பிடுகிறோம். வக்கீல் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதன் வேர்ப்பொருளுக்கும் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அரபு மொழியின் ‘வகீல்’ என்ற சொல்லே பாரசீகத்தின் வழியாக ஆட்சி வழக்கில் புகுந்து, தமிழில் வக்கீல் ஆயிற்று. ஒரு காரியத்தை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். ஆகவே தொடக்கத்தில் இச்சொல் சட்டம் படித்தவரைக் குறிக்கவில்லை, பிறருடைய காரியத்தை அவர் சார்பில் ஏற்று நடத்துபவரையே குறித்தது. அக்பர் சிறு வயதில் அரியணை ஏறியபோது அவருக்காக ஆட்சியை நடத்திய பைராம் கான் வகித்த பதவியின் பெயரும் வக்கீல்தான். ஓர் அரசர் மற்றோர் அரசவையில் அமர்த்திய தூதரையும் அவ்வாறே அழைத்தனர். ஆங்கிலேயர் காலத்தில் சொல் நீதிமன்றத்துக்குள் சுருங்கியது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் அட்வகேட், வக்கீல், அட்டர்னி, பிளீடர், முக்தார் எனப் பல தரத்தாரைத் தனித்தனியே குறிப்பிட்டது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பின் அந்தத் தரம் மறைந்து, பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்தது.

வேர்ப்பொருளைக் கண்ணால் காண விரும்பினால் ஒரு வக்காலத்துத் தாளைப் பாருங்கள். தமக்காக முன்னிலையாகி வழக்கை நடத்த இன்னாரை நியமிப்பதாகக் கட்சிக்காரர் கையொப்பமிடுகிறார். அதை ஏற்றுக்கொண்டதாக வக்கீலும் கையொப்பமிடுகிறார். வக்காலத்து என்பதும் அதே அரபு வேரில் பிறந்த சொல்லே.

மறுமொழி 2:
முஸ்லிம்களின் நிக்காஹ் சபையில் இச்சொல் பழைய பொருளோடு இன்றும் வாழ்கிறது. மணமகளிடம் சம்மதம் கேட்டு வந்து சபையில் அவள் சார்பாகத் தெரிவிப்பவரை வக்கீல் என்றே சொல்கிறோம். அவர் உறவினராக இருப்பார், நீதிமன்ற வாசலை மிதித்திராதவராகவும் இருக்கலாம். இறைவனின் திருநாமங்களுள் ‘அல்வகீல்’ என்பதும் ஒன்று. நம் காரியங்களை நம்பி ஒப்படைக்கத் தக்கவன் என்பது அதன் கருத்து.

மறுமொழி 3:
தமிழ்ச் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் என்பது அறிவையும், வழக்குரைஞர் என்பது உரைக்கும் செயலையும் முன்னிறுத்துகின்றன. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்கும் பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்றே பெயர் இருப்பதால், பழமையும் பொருத்தமும் உடைய வழக்குரைஞர் என்பதையே நான் விரும்பி எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்று வீட்டில் கேட்கும்போது நாம் எந்தப் பொருளில் பேசுகிறோம் என்பது இப்போதுதான் விளங்குகிறது.