தூக்குச்சட்டியோடு மீன் வாங்கப் போனால்

வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் பையையும் பாக்கெட்டையும் எப்படிக் குறைப்பது? ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள் மூன்றிலிருந்து மூன்று பேர் சொல்கிறார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டுபோனால் தகராறு எடையில்தான் வரும். சட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமோ என்று நமக்குச் சந்தேகம். கூட்டம் நிற்கும்போது இது வேறயா என்று மீன்கார அக்காவுக்கு எரிச்சல். எலக்ட்ரானிக் தராசு என்றால் வெறும் சட்டியை வைத்து ஜீரோ பண்ணச் சொல்லிவிட்டு மீனைப் போடச் சொல்லுங்கள். கைத்தராசு என்றால் தட்டில் நிறுத்துச் சட்டியில் கொட்டினால் முடிந்தது. "எல்லாரும் இப்படி வந்தா எனக்குக் கேரிபேக் காசு மிச்சம் தாயி" என்றார் நான் வழக்கமாக வாங்கும் அக்கா. சொன்ன கையோடு அடுத்த ஆளுக்குக் கேரிபேக்கில்தான் போட்டுக் கொடுத்தார்!

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பைகளுக்குத் தடை. ஆனாலும் கிடைக்கிறது. மளிகைக்கடைப் பையையாவது இன்னொரு தடவை பயன்படுத்தலாம், மீன் பையை என்ன செய்வது? கவுச்சி போகாது, பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். நாய் கிழித்துத் தெருவில் போடும், கச்சான் காற்று அதைக் கடலுக்குத் தள்ளும். மிதக்கும் பையைச் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமை விழுங்கிவிடுகிறது. அதனால் வீட்டில் ஒரே ஒரு பையைத்தான் நிறுத்த முடியும் என்றால், மீன் பையை நிறுத்துங்கள் என்பேன்.

சாயல்குடியிலிருந்து:

எங்கள் பக்கம் கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வரும். காலியானதும் அதிலேயே வெங்காயம், பூண்டு போட்டு வைப்போம். மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்குவதே இல்லை. மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் வரத்து இருக்கும்போது சாக்குப்பையோடு போய் மொத்தமாக வாங்கி, காயவைத்து, மல்லி சேர்த்து மில்லில் அரைத்துச் சம்படத்தில் அடைத்துவிடுவோம். 2023-ல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். இனி அழகழகான பாக்கெட்டில் வரும் என்பதுதான் எனக்குப் பயம்.

கீழக்கரையிலிருந்து:

இரண்டு பேரும் நிறுத்து வாங்கும் சாமானைச் சொல்கிறீர்கள், சரி. ஷாம்பு, காப்பித்தூள் சாஷேவுக்கு என்ன வழி? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய உறை அது, பிரிக்க முடியாததால் எடைக்கு எடுக்க ஆளில்லை. பெரிய பாட்டில் வாங்கு என்பது மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. படகுக்குப் போகிற வீட்டில் மீன்பாடு வந்தால்தான் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும். அப்போது இரண்டு ரூபாய் சாஷேதான் வாங்க முடியும். இதில் அந்த வீட்டுப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கம்பெனிதான் உறையை மாற்ற வேண்டும்.

பால் பாக்கெட் அப்படியில்லை, விலைபோகும். மூலையை முழுசாக வெட்டி எறியாமல், பாதி வெட்டித் தொங்கவிட்டு ஊற்றுங்கள். வெட்டி எறிந்த துண்டை அப்புறம் யாரும் பொறுக்க மாட்டார்கள். கழுவிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுப்பார்கள். கழுவாமல் வைத்தால் மட்டும் எறும்போடு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.