பரீட்சைக்கு ஸ்கிரைப் வர்ற அந்த டெலிபோன் அம்மா: உங்களுக்கு என்ன அனுபவம்?

வடபழனி வாசி:
பார்வையில்லாத பிள்ளைங்களுக்கு ஸ்கிரைப், அதாவது அவங்க சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போறவங்களுக்கு இவங்களைத் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்துல வெளியூர் போன் காலை இணைச்சுக் கொடுத்த டிரங்க் ஆபரேட்டர். 2020 ஜனவரியில பிஎஸ்என்எல் விஆர்எஸ்ல (விருப்ப ஓய்வு) ஒரு பெருங்கூட்டமே வெளிய வந்துச்சே, அதுல ஒருத்தர். பேர் போடல, அவங்களுக்குப் பிடிக்காது.

போன செமஸ்டர்ல நானும் ஸ்கிரைப்பா போயிருந்தேன், எனக்கு அடுத்த பெஞ்ச் இவங்க. அவங்க எழுதிக் கொடுத்த பையன் பி.ஏ. தமிழ். சிலப்பதிகாரக் கேள்வி வந்துச்சு. பையன் கணீர்னு சொல்றான், "இந்நூல் புகார், மதுரை என இரண்டு காண்டங்களை உடையது." பேனா நின்னுடுச்சு. ஒரு மூச்சு விடுற நேரம்தான் இருக்கும். பையன் உடனே, "ஏம்மா நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்லப்பா, ரீஃபில் மக்கர் பண்ணுது. இரண்டு காண்டங்களை உடையது... மேல சொல்லு."

அப்படியே எழுதினாங்க. வஞ்சிக் காண்டம் அவங்க நாக்கு நுனியில நிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. அவன் அடுத்த வரியில முப்பது காதைன்னு சரியாத்தான் சொன்னான். வெளிய வந்ததும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாங்களே தவிர, அதைப் பத்தி மூச்சு விடல. எனக்குத்தான் இன்னும் அரிக்குது. ரெண்டு மார்க் விஷயம். சொல்லியிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

மூணாம் விசில்:
எனக்கும் பார்வை இல்ல, திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுற டாக்பேக் வச்சு டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எனக்கு அவங்க பரீட்சை எழுதினதில்ல, பாடம் படிச்சுப் பதிவு பண்ணி வாட்ஸப்ல அனுப்புவாங்க. தெருவுல வண்டிச் சத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விடியக்காலையில உட்கார்ந்து படிப்பாங்கபோல. ஆனா அந்த வீட்டுக் குக்கருக்கு அது தெரியாதே. பொருளாதாரப் பாடத்துல மூணாவது விசில் வந்தா அடுத்தது தேவை நெகிழ்ச்சி. பரீட்சை ஹால்ல அந்தக் கேள்வியை வாசிச்சதும் எனக்கு முதல்ல கேட்டது விசில்தான், அப்புறம்தான் அவங்க குரல். பதில் கடகடன்னு வந்துச்சு. இப்ப வேலைக்குப் போயிட்டேன், ஆடியோவை மட்டும் அழிக்க மனசு வரல.

வாசி சார், நீங்க கேட்டதுக்குப் பதில்: நஷ்டம் எங்களுக்குத்தான். ஒருத்தர் சொல்லிக் கொடுத்துட்டா அடுத்த தடவை நான் நானா வாங்கின மார்க்கையும் "ஸ்கிரைப் போட்டது"ன்னுவாங்க. சொல்லியிருக்காங்க.

பேர் வேண்டாம்:
எல்லாரும் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறீங்க. எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர், என் மாமியார். ரிட்டயர் ஆனதுல இருந்து முதியோர் இல்லம், ரத்ததான முகாம், கோயில் உழவாரம். என் பொண்ணுக்குக் காது குத்துற அன்னிக்கு மொய் நோட்டு எழுத உட்காரச் சொன்னா, "முகாம்ல ஆள் இல்ல"ன்னு பந்திக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே சம்பந்தி கையில நோட்டைக் கொடுத்துட்டுப் போனாங்க. ஊருக்கு நல்லவங்க, வாஸ்தவம்தான். வீட்டுல இருக்கறவங்களைக் கேட்டா வேற கதை வரும்.

வடபழனி வாசி:
நான் கேட்டது ஸ்கிரைப் விஷயம். மொய் நோட்டுக்கு இங்க என்ன வேலைம்மா?

பேர் வேண்டாம்:
அனுபவம்னு போட்டிருந்தீங்க. எழுதினேன்.

கருமண்டபம் ஹெச்எம் (ஓய்வு):
அந்த அம்மையாரை நான் ஒரே ஒரு தடவை, வங்கித் தேர்வு மையத்தில் பார்த்தேன். பையன் விடை எண் சொன்னதும் அதைத் திருப்பிச் சொல்லி, அவன் "ம்" கொட்டின பிறகுதான் மவுஸில் கை வைத்தார். டிரங்க் கால் புக் பண்ணும்போது நம்பரைத் திருப்பிச் சொல்வார்களே, அந்தப் பழக்கம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் இப்போதைய வழிகாட்டியைப் படித்துவிட்டுப் போங்கள்; 2018 ஆகஸ்டில் வந்ததை 2025ல் மாற்றிவிட்டார்கள். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும், உங்கள் முதுகு தாங்குமா என்று பாருங்கள். 2018 விதிப்படி, தேர்வர் தானே ஆளை அழைத்து வந்தால், அந்த ஆளின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டியிருந்தது. எம்.ஏ. படித்த நாம் பட்டதாரித் தேர்வில் உட்கார முடியாது. அந்த அம்மையார் பழைய பியுசி (பட்டப்படிப்புக்கு முந்தைய வகுப்பு), அதனால்தான் வங்கித் தேர்வுக்கு அவருக்கு இவ்வளவு கிராக்கி! ஆதார் நகல், போட்டோ, கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம் கையோடு இருக்கட்டும். தாள் கையில் வந்ததும் எல்லாக் கேள்வியையும் ஒரு தடவை நிறுத்தி வாசியுங்கள், அவசரப்படாதீர்கள். எது முதலில் என்பதை மாணவர் சொல்லட்டும். அரை மணிக்கு ஒரு தரம் நேரம் சொல்லுங்கள். "அடிக்கோடு போடட்டுமா" என்று கேட்டுப் போடுங்கள். சின்ன ர-வா பெரிய ற-வா என்ற சந்தேகம் வந்தால் கேளுங்கள். பிரெய்லில் படித்தவர் டக்கென்று சொல்வார், ஆடியோவிலேயே படித்தவர் தடுமாறுவார், அதற்காக முகம் சுளிக்காதீர்கள். முகம் தெரியாது, குரல் தெரியும். பந்துமுனைப் பேனா இரண்டு கொண்டு போங்கள். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், வியர்வை பட்டால் இழுவிவிடும்.

தாம்பரம் செல்வி:
சார், யாரும் கேக்கலையே! ஆனாலும் அந்தப் படிவ விஷயம் உபயோகம்தான்.

நான் கூடவே போயிருக்கேன். கூட்டமே ஏறாத வெள்ளை போர்டு பஸ்ஸாப் பாத்து நிப்பாங்க, அதுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லையே. 2021ல இலவசம் வந்ததுலதான் பாதி பேருக்கு எழுத முடியுதும்பாங்க. ஒரு தடவை ஹால் மாடியில போட்டுட்டாங்க (எந்தக் காலேஜ்னு வேண்டாம்). பொண்ணு அவங்க முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு ஏறுறா. மூட்டு வலிக்காரி இவங்கதான். நடுப்படியில நின்னு அந்தப் பொண்ணுகிட்ட, "கொஞ்சம் இரு கண்ணு, என்னைக் கொண்டுபோய் விடு"ன்னாங்க. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு மூணு மாடிக்கும் கேட்டுருக்கும்.

வடபழனி வாசி:
பேனா நின்னதுக்கு யாருமே வாய் திறக்கலையே. நிறுத்தினதே குறிப்புக் கொடுத்த மாதிரிதானே? பையன் கவனிச்சுட்டானே.

மூணாம் விசில்:
கவனிச்சான். ஆனா மாத்தலையே. பேனா நிக்கிறது எங்களுக்குப் பரீட்சை பூரா கேட்டுக்கிட்டேதான் சார் இருக்கும். ரீஃபிலுக்கு நிக்கும், கை வலிக்கு நிக்கும், சூப்பர்வைசர் வந்தா நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் பதிலை மாத்தினா பாஸ் ஆன மாதிரிதான்.

நவம்பர் செமஸ்டருக்கு என் தம்பிக்கு வரலாறு எழுத ஆள் வேணும். தமிழ் மீடியம். கையெழுத்து புரியற மாதிரி இருந்தாப் போதும், வாசி சார் நீங்க ஃப்ரீயா?