விபி 6, ஃபொக்ஸ்ப்ரோ தெரிந்தவர்கள் எங்கே மாறலாம்? திருகோணமலையில் மூவர் கண்டவை (ஒவ்வொரு தலைப்பும் எழுதியவரின் ஊர்)

உவர்மலை

விபி 6 (விசுவல் பேசிக் என்ற பழைய விண்டோஸ் நிரலாக்க மொழி) எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்தியது. ஃபொக்ஸ்ப்ரோ 9 என்ற தரவுத்தள மென்பொருளுக்கு 2015 ஜனவரியோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் விபி 6 நிரல் விண்டோஸ் 11லும் ஓடுகிறது. அதனால்தான் கிண்ணியா அரிசி ஆலையிலும் நகரத்து இரும்புக் கடையிலும் இன்னும் அதே சாம்பல் நிறத் திரையில் பில் போடுகிறார்கள். ஓடுகிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அதில் புதிதாக எழுதித் தரும்படி இனி யாரும் வரப்போவதில்லை. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "உள்ள கணக்கு ஒண்டும் அழியாமல் புதுசுக்கு மாத்தித் தருவீங்களா?"

அந்தக் கேள்விக்குள்தான் அடுத்த தொழில் இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் புதிய மொழியான சி ஷார்ப் நன்றாகத் தெரிந்த இளைஞருக்கும் இந்த வேலை தனியே சரிவராது. பழைய கோப்பு எந்த இடத்தில் ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியாது.

ஃபொக்ஸ்ப்ரோவை எடுங்கள். அழித்த பதிவு உண்மையில் அழிவதில்லை. பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை ஓடும்வரை அது கோப்பிலேயே கிடக்கும். தரவை மாற்றும் சில கருவிகள் அந்தக் குறியைப் பார்ப்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் இரத்துச் செய்த கடன் பில்கள் புதிய தரவுத்தளத்தில் உயிர்த்தெழுந்து, வாடிக்கையாளர் பெயரில் நிலுவையாக நிற்கும். ஆகவே குறி விழுந்தவற்றை மறைக்கும் 'செட் டிலீட்டட்' கட்டளையை ஓன், ஓஃப் இரண்டு நிலையிலும் வைத்துப் பதிவுகளை எண்ணி, இரண்டு எண்ணையும் எழுதி வைத்த பிறகே ஏற்றுமதி. பதிவுகள் உள்ள டிபிஎஃப் கோப்பை மட்டும் கொண்டுபோவதும் நடக்கிறது. குறிப்புகள் எல்லாம் எஃப்பிடி கோப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து, கடையில் எல்லாக் கணினியிலும் நிரலை மூடிய பின்தான் பிரதி எடுக்க வேண்டும்.

எடுத்ததை நேரே இறுதி அட்டவணைக்குள் போடாதீர்கள். எல்லாப் புலமும் (அட்டவணையின் நெடுவரிசை) வெறும் எழுத்து வகையாக உள்ள ஓர் இடைக்கால அட்டவணை போதும். வெற்றுத் திகதி, பின்னால் ஒட்டிய இடைவெளி, எண் புலத்துக்குள் கோடு எல்லாம் அங்கேயே பிடிபடும். பிறகு மாதவாரியாகப் பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை இரண்டையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை சரி, ஆனால் தொகை சில சதம் விலகினால் முதலில் பார்க்க வேண்டியது முழுமையாக்கல். விபி 6இன் 'ரவுண்ட்' 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தசம வகைக்கு 2.5 என்பது 3. வரியை ஒவ்வொரு வரிசையிலும் கணக்கிடும் பில்லில் இது கட்டாயம் தெரியும்.

வற் (பெறுமதி சேர் வரி) வீதமும் பழைய நிரல்களில் குறியீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். 2024 ஜனவரி 1இல் 15 வீதம் 18 ஆனபோது பலர் அந்த எண்ணை மட்டும் மாற்றினார்கள். 2023 பில்லை மறுபடி அச்சிட்டால் 18 வீதத்தில் வருகிறது. வீதத்துக்கெனத் தொடக்கத் திகதியுடன் தனி அட்டவணை வேண்டும்.

கிண்ணியா

உவர்மலை அண்ணா சொன்னதோட பாமினியைச் சேர்க்கோணும். எங்கட பக்கத்துப் பழைய தரவில பாதி பாமினி எழுத்துருவில அடிச்சது. கோப்புக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துகள்தான்; எழுத்துரு மட்டும் அதைத் தமிழாக் காட்டுது.

மாத்தும்போது வரிசைதான் முக்கியம். பாமினியில ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால வரும், இப்ப பாவிக்கிற யுனிகோட்டில பின்னால. அதால கொ, கோ மாதிரி மூன்று குறி சேர்ந்ததை முதல்ல மாத்தோணும், பிறகு கெ, கே, கை, கடைசியாத்தான் தனி எழுத்து. இன்னொரு பொறி 'எச்' விசை. அது அரவு (ா). அதோட அரைப்புள்ளி (;) சேர்ந்தா ர். அரவை முதல்ல மாத்தினா "அவர்கள்" எல்லாம் உடைஞ்சு போகும்.

பெயர்ப் புலத்தில ஆங்கிலப் பெயரும் பாமினியும் கலந்திருக்கும். மொத்தமா மாத்தினா ஆங்கிலப் பெயர் அர்த்தமில்லாத தமிழாயிடும். பாமினியில புள்ளிக்கு அரைப்புள்ளி விசை எண்டதால, சொல்லுக்கு நடுவில அரைப்புள்ளி வாற வரிசைகளை முதல்ல பிரிச்செடுக்கலாம். "ராஜா" மாதிரிப் புள்ளியே இல்லாத பெயர்கள் இதில தப்பும்; அதுகளைப் பட்டியல் போட்டுக் கண்ணாலதான் பார்க்கோணும். எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில போடுறதெண்டா புலம் யுனிகோட் ஏற்கிற 'என்வார்கார்' வகையா இருக்கோணும், எழுதுற சரத்துக்கு முன்னால 'என்' (N) எழுத்துப் போடோணும். விட்டா முழுக்கக் கேள்விக்குறி, அதை மீட்கேலாது.

அடையாள அட்டை இலக்கமும் அப்பிடித்தான். பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், அதால புலத்தின்ர அகலம் 10. 2016இல 12 இலக்கம் வந்தபோது ஃபொக்ஸ்ப்ரோ கடைசி இரண்டையும் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சில இடங்களில முழு இலக்கத்தையும் முகவரிக்குள்ள அடிச்சு வைச்சிருப்பினம், அங்கயும் தேடிப் பாருங்கோ. ஒரே ஆள் இரண்டு இலக்கத்திலயும் இருந்தா, பழையதுக்கு முன்னால 19 போட்டு, வருடத்தில எத்தனையாம் நாள் பிறந்தது எண்ட மூண்டு இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, எழுத்தை விட்டா புதியது வரும். அந்த நாள் எண்ணில பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் கணக்கு. இது தெரியாமல் பிறந்த திகதி எடுத்தா ஒரு நாள் பிசகும்.

நிலாவெளி

மேலே இரண்டு பேரும் எழுதியதைச் செய்யத் தெரிந்தவருக்கு மென்பொருள் சோதனையாளர் வேலையும் பொருந்தும். மாத முடிவு மூடிய பின் பில்லை இரத்துச் செய்தால் என்ன, பாதிப் பணம் கட்டிய கடனுக்குப் பொருள் திரும்பினால் என்ன என்று கேட்கப் பழகியவர் அவர்தான். சோதனைக் கருவிகளைப் பிறகு பழகலாம்.

உவர்மலை

தம்பி ஒருவர் எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தார். எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. இணைப்பு (ஜொயின்), தொகுப்பு (குரூப் பை), சாளரச் சார்புகள் (விண்டோ ஃபங்ஷன்) மூன்றும் கைக்கு வரும்வரை வேறெதையும் தொட வேண்டாம். அடுத்தது கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. பிறகு விபி தெரிந்தவருக்கு சி ஷார்ப் பக்கத்து வீடு. ஆனால் விபியின் 'லோங்' எண் வகை அங்கே 'இன்ட்', 'கரன்சி' அங்கே 'டெசிமல்'. பழைய அக்சஸ் கோப்பைத் திறக்கும் ஜெட் 4.0க்கு 64 பிட் வடிவம் கிடையாது. நிரலை 32 பிட்டில் கட்டாவிட்டால் இணைப்பே கிடைக்காது. வணிகக் கணக்கில் தேர்ச்சி உள்ளவருக்கு ஓடூ என்ற வணிக மென்பொருள் நல்ல வழி: அடியில் பைதனும் போஸ்ட்கிரெஸும். அதில் இறக்குமதி செய்யும்போது வெளி அடையாளப் புலத்தை நிரப்பினால் இரண்டாம் தடவை ஏற்றியும் பதிவு இரட்டிக்காது.

வலைப்பக்கம் கட்டும் சட்டகங்களை முதல் படியாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ளாஷ் 2020 டிசம்பரில் முடிந்தது, ஆங்குலர்ஜேஎஸ் அடுத்த வருட முடிவில். எஸ்கியூஎல் அவற்றுக்கு முன்னும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வேலைக்கு மாதிரி காட்டும்போது கடைக்காரரின் உண்மைத் தரவைக் காட்டாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவர்களுடைய பொருள். பெயர், இலக்கம், தொலைபேசி மூன்றையும் மாற்றிய பிரதி போதும். கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை ஒருவரைச் சேர்த்துக்கொண்டு செய்தால் கிட் பழக்கமும் சேவையக வேலையும் அவரிடமிருந்து வரும், கணக்கு விதி உங்களிடமிருந்து போகும்.

நிலாவெளி

மாற்றும் நாளையும் பார்த்துக் குறியுங்கள். இங்கே ஹொட்டேலென்றால் மே முதல் செப்டெம்பர் வரை கைவைக்கக் கூடாது. அரிசி ஆலையென்றால் பெரும்போக, சிறுபோக அறுவடை முடியட்டும். ஒரு மாத முடிவு முழுக்க இரண்டு நிரலிலும் பில் அடித்து ஒப்பிட வேண்டும். பழைய கணினியை மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடியும்வரை துடைக்காமல், வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்திருங்கள்.