கழித்தலையும் அனுமதித்தால் அலகு பின்னங்கள் எத்தனை போதும்?

கேள்வி:
பண்டைய எகிப்தியர் 2/3 போன்ற விதிவிலக்கைத் தவிர, பின்னங்களை வெவ்வேறு அலகு பின்னங்களின் (தொகுதி 1 ஆக உள்ள பின்னங்களின்) கூட்டலாகவே எழுதினர் என்பதை ரைண்ட் பப்பைரஸ் என்னும் பழைய எகிப்தியக் கணித ஏடு காட்டுகிறது. இத்தாலியக் கணிதர் ஃபிபொனாச்சி 1202-இல் விளக்கியபடி ஒவ்வொரு படியிலும் அடங்கக்கூடிய மிகப் பெரிய அலகு பின்னத்தை எடுத்துக்கொண்டே சென்றால், 5/121-க்கு ஐந்து உறுப்புகள் கிடைக்கின்றன; கடைசி உறுப்பின் பகுதியோ 25 இலக்க எண். கழித்தலையும் அனுமதித்தால் இது சுருங்குமா?

மறுமொழி 1:
கூட்டலிலேயே 5/121 = 1/33 + 1/121 + 1/363 என்று மூன்று உறுப்புகளில் எழுதலாம் என்பதால், அந்த 25 இலக்கத்துக்கு முறைதான் பொறுப்பு, பின்னம் அன்று. கழித்தலை அனுமதித்தால் இரண்டே போதும்: 1/24 − 1/2904.

மறுமொழி 2:
மேலே உள்ள விடை தற்செயலாக அமைந்ததன்று. a/n என்னும் தகு பின்னத்தில், n-க்கு மிக அருகிலுள்ள a-இன் மடங்கு ak என்க; n = ak + r என எழுதினால் r-இன் அளவு a-இன் பாதியைத் தாண்டாது. a/n-இலிருந்து 1/k-ஐக் கழிக்க, எஞ்சுவது −r/(kn). அதாவது, ஒவ்வொரு படியிலும் தொகுதி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. ஃபிபொனாச்சியின் முறையில் அது ஒன்று மட்டுமே குறையவும் கூடும். எனவே தொகுதி 100-ஐத் தாண்டாத எந்தத் தகு பின்னமும், பகுதி எவ்வளவு பெரிதாயினும், ஏழு உறுப்புகளுக்குள் முடிந்துவிடும். எடுத்துக்காட்டாக, 5/7 = 1 − 2/7; 2/7 = 1/4 + 1/28 என்பதால் 5/7 = 1 − 1/4 − 1/28. (இங்கே 7 என்பது 5-க்கும் 10-க்கும் இடையே 5-க்கே அருகில் இருப்பதால்தான் 1-இல் தொடங்குகிறோம், தொடக்கமே பின்னத்தைவிடப் பெரிதாக இருப்பது முதலில் விந்தையாகத் தோன்றும்.)

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், 4/n-ஐ எப்போதும் மூன்று அலகு பின்னங்களின் கூட்டலாக எழுதலாம் என்னும் 1948-ஆம் ஆண்டின் எர்டிஷ்–ஸ்ட்ராஸ் ஊகத்துக்கு இவ்வழி உதவுமா?

மறுமொழி 2:
பாதி வழிவரை உதவும். n = 4k − 1 எனில் 4/n = 1/k + 1/(kn); இரண்டு உறுப்புகளே போதும், கழித்தலுக்கு இடமே இல்லை. n = 4k + 1 எனில் கிடைப்பது 1/k − 1/(kn); அந்தக் கழித்தல் குறியை நீக்குவதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. 4/17 = 1/4 − 1/68 என உடனே வந்துவிடுகிறது; கூட்டலாக எழுத 1/5 + 1/30 + 1/510 என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லா n-க்கும் இப்படி ஒன்று கிடைக்கும் என்பதற்கான நிறுவல் இன்னும் இல்லை.