மறுமொழி: உதைதாங்கியா, மணையா?

அன்புள்ள நண்பர்களே,

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் ரீகாயிலைக் குறைக்க, அதை மேசையில் வைத்துச் சுட உதவும் சட்டமான ஷூட்டிங் ரெஸ்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் மூன்று நாளாக இழை ஓடுகிறது. இதுவரை விழுந்தவை: பின்னடைவுக் குறைப்பி, அதிர்வடக்கி, துப்பாக்கித் தாங்கி, உதைதாங்கி. கடைசியில் இருப்பது நான் போட்டது. அதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் பொருளைக் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். நம்மில் பலர் இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பது பேச்சிலேயே தெரிகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ரைபிள் கிளப்புகளில் அதிகம் புழங்குவது காற்றுத் துப்பாக்கியும் .22 என்ற சிறுதோட்டா ரைபிளும். இரண்டிலும் உதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒலிம்பிக் பாணிப் போட்டிகளில் துப்பாக்கியை எதன்மேலும் சாய்த்து வைக்கவும் கூடாது. அப்புறம் இதற்கு எங்கிருந்து தமிழில் பெயர் வரும்?

இது அமெரிக்க வேட்டைக்காரர்களின் சாமான். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் ரைபிளால் மான் சுடும் பருவம் தேங்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் சுடுதளத்தில் மேசை கிடைப்பதே பெரும்பாடு. வருஷம் முழுக்க அலமாரியில் கிடந்த துப்பாக்கியைக் கொண்டுவந்து, 100 கஜத்தில் தாளை மாட்டி, ரைபிள்மேல் மாட்டிய தொலைநோக்கி காட்டும் இடத்தில்தான் குண்டு விழுகிறதா என்று பார்த்துத் திருகுவார்கள். அந்த ஒரு வேலைக்காகத்தான் இந்தச் சாமான். காட்டுக்கு யாரும் இதைத் தூக்கிப்போவதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என்னை அப்படி ஒரு தளத்துக்கு அழைத்துப் போனார். .30-06 என்ற பெருந்தோட்டா ரைபிள், சிமென்ட் மேசை, முன்னால் ஒரு மணல்மூட்டை. அவ்வளவுதான். நின்று சுட்டால் உடம்பு வளைந்து கொடுத்து உதையில் பாதியை வாங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்து உட்கார்ந்தால் வளைய இடமே இல்லை, அத்தனையும் தோள் எலும்பில் இறங்கும். இது எனக்குத் தெரியாது. போதாததற்குக் கண்ணைத் தொலைநோக்கியோடு ஒட்டிக்கொண்டேன். முதல் வெடியிலேயே வலது புருவத்தில் பிறை போல ஒரு வெட்டு. இன்றும் தடம் இருக்கிறது. என் மனைவி அதை நெற்றிப்பிறை என்பாள்.

வெட்டைவிட மோசமானது அப்புறம் வந்தது. நான்காவது தோட்டாவுக்குள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது: விசையில் விரல் அழுந்தும்போதே தோள் சுருங்குகிறது, கண் மூடுகிறது. அவர் எனக்குத் தெரியாமல் ஒரு பொய்த் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குத்திட்டு நின்றதை இருவரும் பார்த்தோம். வெடிக்காத துப்பாக்கிக்கே நான் பயந்திருக்கிறேன்! (ஆங்கிலத்தில் ‘ஃப்ளிஞ்ச்’ என்கிறார்களே, அதுதான். இதற்கு ‘முன்னஞ்சல்’ என்று ஒருமுறை எழுதினேன். பிழைதிருத்துபவர் சிரத்தையாக ‘மின்னஞ்சல்’ என்று மாற்றிக் கொடுத்தார். இப்போதைக்கு ‘முன்திடுக்கம்’ என்று வைத்திருக்கிறேன்.)

அடுத்த வாரம் அவரே ஒரு இரும்புச் சட்டம் கொண்டுவந்தார். முன்னால் ஒரு கவை; ரைபிள் கட்டையின் முன்பகுதி அதில் உட்காரும். பின்னால் ஒரு கிண்ணம். ரைபிளில் தோள்பக்கம் இருக்கும் அடிக்கட்டை அதில் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் ஈயக்குண்டுப் பையை வைக்கிறார்கள், 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல். கால்ட்வெல் நிறுவனம் இதை ‘லெட் ஸ்லெட்’ என்று விற்கிறது. நம் ஊரில் நகலெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, இங்கே யார் செய்த சட்டமானாலும் பேச்சில் அந்தப் பெயர்தான். ஈயச் சறுக்குவண்டி என்று பொருள். எதுகை கெடாமல் தமிழில் கொண்டுவர முயன்று தோற்றேன்.

இப்போது சொல்லுக்கு வருவோம். குறைப்பி, அடக்கி என்று முடியும் சொற்களில் எனக்கு ஒரு சங்கடம். கணக்குப் போட்டால் அது விளங்கும். .30-06-ல் 9.7 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 885 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கூடவே மூன்றரை கிராம் வெடிமருந்தும் வாயுவாகிப் பீய்ச்சிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் சேர்ந்த உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கியது, ஏறக்குறைய 13 கிலோகிராம்-மீட்டர்/நொடி. அதே 13 துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். தொலைநோக்கியோடு 3.6 கிலோ எடையுள்ள ரைபிள் என்றால் அது நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில், 23 ஜூல் ஆற்றலோடு தோளில் வந்து இடிக்கும். சட்டத்தின் எடை 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பை ஈயத்தையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 22 கிலோ. வேகம் 60 சென்டிமீட்டராக இறங்குகிறது, ஆற்றல் 4 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. உந்தம் மட்டும் அதே 13-தான், துளியும் குறையவில்லை. சட்டம் உதையை அடக்கவில்லை. கனமான ஒரு உடம்பு அதை வாங்கிக்கொண்டு மெதுவாக நகர்கிறது.

இந்த நுணுக்கம் வீண் வாதம் இல்லை, சாமானைப் பயன்படுத்தும் விதமே இதைப் பொறுத்தது. ‘அடக்கி’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? எடையைக் கூட்டக் கூட்ட நல்லது, அசையாமல் மேசையோடு இறுக்கிக் கட்டினால் இன்னும் நல்லது என்றுதானே? சில மாதிரிகளின் தட்டில் நான்கு பை வரை வைக்கலாம். உதை எவ்வளவு குறையும் என்று விளம்பரத்தில் வரும் ‘95 சதவீதம் வரை’ என்ற எண்ணும் தட்டை நிரப்பினால்தான் எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வருகிறது. மேலே உள்ள கணக்கையே 45 கிலோ ஈயத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் நகரவே விடாத உதை எங்கே போகும்? பின்னால் கிண்ணம் விடாது, முன்னால் குழலின் இரும்பு தள்ளுகிறது, நடுவில் மாட்டிக்கொள்வது மரக்கட்டை. பிடிக்கும் இடத்தில், கட்டை ஒடுங்கும் கழுத்தில் விரிசல் விடும். தொலைநோக்கியின் பிடிகளும் தளரும். ஆகவே மரக்கட்டை ரைபிளுக்கு ஒரு பை போதும், மேசைமேல் சட்டம் சற்றுச் சறுக்கட்டும் என்பதுதான் அனுபவசாலிகள் சொல்வது. என் அடிமனத்து ஆசை: பெயரைக் கேட்டதுமே இது புரிய வேண்டும்.

மற்ற சொற்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ‘பின்னடைவு’ பத்திரிகைக்காரர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. பின்னடைவுக் குறைப்பி என்றால் தேர்தலில் தோற்ற கட்சி அலுவலகத்துக்கு வாங்கிப்போடுகிற கருவி போல இருக்கிறது. துப்பாக்கியைப் பிடித்தவர் யாரும் ‘பின்னடைந்தது’ என்று சொல்லிக் கேட்டதில்லை, ‘உதைத்தது’ என்றுதான் சொல்வார்கள். மாடு உதைக்கும், வண்டியின் கிக்கர் திருப்பி உதைக்கும், துப்பாக்கியும் உதைக்கும். ஆகவே ‘உதை’ இருக்கட்டும். ‘அதிர்வடக்கி’ என்றால் மோட்டார் சைக்கிளின் சுருள்வில் கண்முன் வருகிறது. இதில் அந்த மாதிரி வில் எதுவும் வேலை செய்வதில்லை.

‘உதைதாங்கி’யை நான் போட்டபோது மனத்தில் இருந்தவை சுமைதாங்கியும் இடிதாங்கியும். சாலையோரக் கல் சுமையை இல்லாமல் ஆக்குவதில்லை, கொஞ்ச நேரம் தான் வாங்கிக்கொள்கிறது. இடிதாங்கி வாங்கி மண்ணுக்குக் கடத்துகிறது. பொருள் பொருந்துகிறது. ஆனால் கோவை ஐயா, ‘உதைதாங்கி என்றதும் என் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வருகின்றன’ என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்துவிட்ட கலைச்சொல் பிழைப்பது கடினம். இன்னொன்றும் உண்டு. அடிக்கட்டையின் முனையில் ரப்பர் திண்டு இருக்கிறதே, அதுவும் உதையைத் தாங்குவதுதான். (அதற்கு ‘சும்மாடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தலைக்கும் பானைக்கும் நடுவே துணி செய்கிற வேலையைத் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ரப்பர் செய்கிறது.)

நேற்றுக் காலை தேங்காய் துருவ உட்கார்ந்தேன். ஆமாம், இங்கேயும் துருவுமணை வைத்திருக்கிறோம், பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. மணைமேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, மூடியைப் பல்லில் வைத்து அழுத்தும்போதுதான் உறைத்தது. கையின் அழுத்தம் அத்தனையும் அந்தப் பல்லில். ஆனாலும் அது புரளவில்லை. ஏன்? என் எடை பலகைமேல் இருக்கிறது. எழுந்து நின்று, ஆளில்லாத மணையில் துருவிப் பார்த்தேன். பல்லும் மணையும் சேர்ந்து அடுக்களைத் தரையில் ஓடின. அரிவாள்மணையும் இப்படித்தான். எடையை ஏற்றி, கருவியை நிலைநிறுத்தும் பலகைக்கு நம் அடுக்களையில் எப்போதோ வைத்த பெயர் மணை. ஈயப்பை உட்காரும் இந்தச் சட்டமும் மணைதான்!

ஆகவே என் முன்மொழிவு. மேசையில் துப்பாக்கியை வைத்துச் சுட உதவும் சட்டம் எதுவானாலும் ‘துப்பாக்கி மணை’. எடை ஏற்றி உதையை வாங்கிக்கொள்ளும் வகை ‘உதைதாங்கு மணை’. பேச்சில் ‘உதைமணை’ என்று சுருங்கினாலும் சரி. ‘சுடுமணை’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டாம், யாரோ அதில் உட்கார்ந்து அலறுவது போல இருக்கிறது.

— பென்சில்வேனியாவிலிருந்து

* * *

அண்ணா,

துருவுமணை உவமை நல்லாயிருக்கு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதைத் ‘திருவலை’ என்போம். மணை என்ற சொல் எங்கள் வீட்டுப் பேச்சில் குறைவு. ஆனாலும் வாசித்தால் விளங்கும், அது போதும். ‘துப்பாக்கித் தாங்கி’ மட்டும் வேண்டாம் என்று நான் முதல் நாளே எழுதினேன்: எங்களுக்குத் தாங்கி என்றால் முற்றத்தில் நிற்கிற தண்ணீர்த் தாங்கி.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. அரிவாள்மணையில் எடை போடுவது ஆள். உங்கள் சட்டத்தில் ஆள் பின்னால் இருக்கிறார், எடை போடுவது ஈயம். மணை என்றால் உட்காரும் இடம் என்ற நினைப்பு வராதா? அதோடு, அடிக்கட்டைக்கு நாங்கள் ‘பிடங்கு’ என்று ஒரே சொல்லில் சொல்வோம். ‘துவக்குப் பிடங்காலை அடிச்சவங்கள்’ என்பது எங்கள் பக்கம் எல்லோரும் கேட்ட வசனம். கட்டை, அடிக்கட்டை என்று நீட்டாமல் அதை எடுத்துக்கொள்ளலாமே.

பழைய காலத்துத் துவக்குக்காரர் ஒரு கவைத்தடியை ஊன்றி அதன்மேல் குழலை வைத்துச் சுட்ட படங்கள் பார்த்திருப்பீர்கள். கவையில் தொடங்கி ஒரு சொல் செய்ய முடியாதா?

* * *

அன்புள்ள அக்கா,

பிடங்கு, இந்த நிமிஷமே எடுத்துக்கொண்டேன். இந்தச் சொல் இருக்கும்போது நான் ‘அடிக்கட்டை’ என்று எழுதிக்கொண்டிருந்தது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கவை பற்றி: 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரன் ஊன்றியது கனத்தைத் தாங்கும் கோல்தான். மஸ்கட் என்ற அந்தக் காலத்துத் துப்பாக்கி அவ்வளவு கனம். உதை முழுக்க அவன் தோளுக்குத்தான் வந்தது. ஆகவே கவை என்பதைச் சட்டத்தின் முன்பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: ‘முன்கவை’. முழுச் சாமானுக்கு வைத்தால் எடைத்தட்டு மறைந்துபோகும்.

உட்காரும் நினைப்பு வரும் என்பது உண்மை. அதனால்தான் தனியாக ‘மணை’ என்று விடாமல் முன்னால் ஒரு சொல் ஒட்டினேன். வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கையேட்டின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“உதைதாங்கு மணையை உறுதியான மேசைமேல் வைக்கவும், மேசையோடு கட்ட வேண்டாம். ரைபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கட்டையின் முன்பகுதியை முன்கவையில் அமர்த்தவும். குழல் எங்கும் படக்கூடாது. பட்டால் குண்டு வேறு இடத்தில் விழும். வார் மாட்டும் வளையம் கவையில் இடிக்காமல் இருக்கட்டும். பிடங்கு பின்கிண்ணத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். எடைத்தட்டில் ஒரு பையோடு தொடங்கவும். மணையின் பின்பக்கத்தில் தோளை ஊன்றி, தொலைநோக்கிக்கும் கண்ணுக்கும் இடையே அதன் தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தை விடவும். குறி சரியானபின், மணையை எடுத்துவிட்டு, வேட்டையில் பிடிக்கும் விதமாகவே பிடித்து இரண்டு மூன்று தோட்டா சுட்டுச் சரிபார்க்கவும்.”

கடைசி வாக்கியம் ஏன் என்று கோவை ஐயா கேட்பார். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது, மேலே சொன்ன கணக்கில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக. அந்தச் சிறு நகர்வில் குழல் எப்படித் தூக்குகிறது என்பது பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது. மணையில் நடுப்புள்ளியில் விழுந்தது தோளில் வைத்துச் சுடும்போது ஓரிரு அங்குலம் தள்ளி விழலாம். எனக்கு விழுந்தது.

பத்தியைப் படித்துப் பார்த்து, சொல் எங்காவது இடறுகிறதா என்று சொல்லுங்கள். முன்கவையை ஏற்றி இறக்கும் திருகுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஏற்றத்திருகு’ என்று எழுதி அடித்துவிட்டேன், ‘உயரத்திருகு’ என்று எழுதி அதையும் அடித்தேன்.