லேசர் பவர் மீட்டர் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ஜாலான் பாசாரில் ஒரு கடையில் சிவப்பு லேசர் டையோடு வாங்கினேன், 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிறம் சரிதான் போல, ஏனென்றால் பழைய சிடியில் (தட இடைவெளி 1.6 மைக்ரான்) நேராக அடித்து ஒரு மீட்டர் தள்ளி அட்டை வைத்துப் பார்த்தால் முதல் புள்ளி நடுவிலிருந்து 44 செ.மீ.யில் விழுகிறது, 635 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். சிக்கல் பவரில்தான். சிலிக்கான் ஃபோட்டோடையோடில் (ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் உறுப்பு) லேசரை அடித்தால் மல்டிமீட்டர் 6 மில்லிஆம்பியர் காட்டுகிறது. ஒரு மில்லிவாட் ஒளிக்குச் சுமார் 0.4 மில்லிஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 15 மில்லிவாட் வருகிறதே! என் கணக்கு தப்பா, லேபிள் தப்பா? பாதுகாப்புக் கண்ணாடி வரும்வரை அதைத் தொடப் போவதில்லை. கோலாலம்பூர் பக்கம் யாரிடமாவது பவர் மீட்டர் இருந்தால் சொல்லுங்கள், செந்தூலிலிருந்து மோட்டாரில் வந்துவிடுகிறேன், தே தாரிக் என் செலவு.